மாப்பிள்ளையின் இடது தோள்

முகூர்த்தப் பட்டைத் தேர்ந்தெடுப்பது மணப்பெண்தான் என்று ஒரு நம்பிக்கை நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், ஜவுளிக்கடை விளம்பரங்கள் அதை ஊரெங்கும் பரப்புகின்றன. இந்தத் தவறு இனியும் நீடிப்பது யாருக்கும் நல்லதல்ல. மணப்பெண் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. மாப்பிள்ளையின் அம்மா தேர்ந்தெடுக்கிறார், பெண்ணின் அம்மா தலையாட்டுகிறார், விலை தெரிந்த மாமா ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார், கடைக்காரர் அந்தச் சுளிப்பைப் பார்த்து வேறொரு அடுக்கை இறக்குகிறார். இத்தனையும் நடக்கும்போது தோளைக் கொடுப்பது மட்டுமே மணப்பெண்ணின் வேலை. துணி காயப்போடும் கொடிக்கு என்ன கருத்துரிமை உண்டோ அதுதான் அவளுக்கும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறி வந்த மாடியில், வெள்ளை உறை போட்ட மெத்தை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த யாழினிக்கு இது சீக்கிரமே விளங்கிவிட்டது. இதிலும் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. யாழினி என்பது வீட்டார் வைத்த பெயர். அதன் வாலை நறுக்கிவிட்டு யாழ் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகின்றன. யாழ் பெண்ணில்லை, ஆணுமில்லை. எதிரே சுவரோரம் மாப்பிள்ளைக்கென்று போட்ட நாற்காலியில், கடையார் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்த எழிலரசனும் அப்படித்தான். அவரும் அரசனை உதறிவிட்டு எழிலை மட்டும் வைத்துக்கொண்டவர். ஆக, பெண்ணில்லாத ஒருவருக்கும் ஆணில்லாத ஒருவருக்கும் அங்கே கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த மாடியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்குத் தெரியுமா, தனக்கு மட்டும்தானா என்பதில் யாழுக்குக் கொஞ்ச நாளாகச் சந்தேகம் வந்திருந்தது.

“இது வேணாம்பா, கரை ரொம்பப் பட்டையா இருக்கு, பாப்பா உசரத்துக்கு எடுபடாது,” என்றார் எழிலின் அம்மா. யாழ் அவரை அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. கடைக்காரர் ஒரு புடவையின் நுனியைப் பிடித்து உதறினார். அது மீன்வலை மாதிரி காற்றில் விரிந்து முந்தைய புடவைகளின் மேல் விழுந்தது. பட்டின் வாசனை எழுந்தது. கஞ்சியும் அட்டைப்பெட்டியும் கலந்த அந்த வாசனையை எல்லோரும் மங்கலம் என்கிறார்கள், யாழுக்கு அது தேர்வு எழுதும் ஹாலின் வாசனையாக இருந்தது. யாழ் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறார். வருகிற புத்தகத்துக்கு எண் போட்டு அலமாரியில் இடம் சொல்வது வேலை. எந்த இடத்திலும் உட்காராத புத்தகங்களைப் பொது என்று போட்டுவிடலாம், அங்கே யாரும் தேடமாட்டார்கள், தூசி தட்டுவதற்கு மட்டும் வருவார்கள். எழிலை முதலில் பார்த்தது அப்படி ஒரு பொது அலமாரியில்தான் என்று யாழ் பிற்பாடு கேலி செய்வதுண்டு: கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வாரக்கடைசியில் கூடுகிற கூட்டம். ஒவ்வொருவராகத் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எழில் எழுந்து நின்று, “நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். வர்றவங்களுக்கு எந்த ஃபிரேம் பொருந்தும்னு பாத்த உடனே சொல்லிடுவேன். எனக்குத்தான் இன்னும் எதுவும் பொருந்தல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். யாழ் சிரிக்கவில்லை, தன் நாற்காலியை எழிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். இப்போது அதே எழில் நாற்காலியில் கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார எப்போது கற்றுக்கொண்டார்? வீட்டில் அவர் ஒரு காலைக் கீழே மடித்து, பூனை மாதிரித்தான் உட்காருவார். நாற்காலியின் குணமாக இருக்கலாம். மாப்பிள்ளை நாற்காலி என்று தனியாகச் செய்வார்களோ என்னவோ, உட்கார்ந்தவுடன் முழங்கால்கள் தானாக விலகும்படி.

ஒரே மாதிரியான இருவர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்பதும் தவறுதான், ஆனால் அதைத் திருத்த யாழுக்கு அப்போது தெம்பில்லை. புரிந்துகொண்டதும் உண்டே. வீடு தேடி அலைந்த நாட்களில் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, “கல்யாணம் ஆயிடுச்சுங்களா?” என்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கடைசியில் மேடவாக்கத்தில் எழில் ஆமாம் என்றார், யாழ் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தது, வீட்டுக்காரம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு குங்குமம் கொடுத்தார். அந்தக் குங்குமத்தைக் கதவைச் சாத்தியதும் எழில் யாழின் மூக்கில் தடவினார், யாழ் எழிலின் மீசையில் தடவினார். பொய் அவ்வளவு இனிப்பாக இருந்தது. பொய்யை வெளியாட்களிடம் சொல்கிறவரை இனிப்புதான், எழிலின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து நின்று, குளியலறையில் இரண்டு பிரஷ்ஷையும் பார்த்து, அழுது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்த ஊரு, எந்த ஆளுங்க?” என்று கேட்டபோதுதான் அது கெட்டது. ஒரே ஆட்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எங்கோ தூரத்து உறவுகூட இருந்தது. ஜாதகமும் பொருந்திவிட்டது. தங்களைப் போன்றவர்களில் எத்தனை பேர் வீட்டைவிட்டு ஓடினார்கள், எத்தனை பேரைக் கட்டி வைத்து அடித்தார்கள், இந்த இரண்டு பேருக்கு மட்டும் சத்திரம் பிடித்துப் பந்தல் போடுகிறார்கள். அழுதால் யார் நம்புவார்கள்? “ஒரே ஒரு நாள் யாழ்,” என்று எழில் கெஞ்சினார். “மேடையில ஒரு நாள் நிப்போம். அப்புறம் நம்ம கதவைச் சாத்திக்கிட்டா நாம நாமதான். அம்மாவுக்கும் நிம்மதி, வீட்டுக்காரங்களுக்கும் பொய் சொல்ல வேணாம்.” “கதவுக்கு வெளியில எவ்ளோ நேரம் இருப்போம்னு யோசிச்சியா?” என்று யாழ் கேட்டார். பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்கும் வரைக்கும், இருவரில் யாருக்கு முடியவில்லையோ அவர் வேண்டாம் என்று சொல்லலாம். மற்றவர் ஏன் என்று கேட்கக்கூடாது, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். புடவைக்குப் பில் போட்டுவிட்டால் பிறகு பேச்சில்லை. அந்தக் கடைசி நாள்தான் இது. எழில் அதை மறந்திருப்பாரா? காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் மாமா கலியமூர்த்தியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“யாழினி, எழுந்து நில்லும்மா,” என்றார் யாழின் அம்மா. யாழ் எழுந்து நின்றார். கடையில் வேலை செய்கிற ஒரு பெண் பின்னால் வந்து, சேலை வைக்கட்டுமா என்று கேட்காமல், பழக்கப்பட்ட கையால் இடுப்பில் கொசுவத்தைச் செருகி முந்தானையை இடது தோளில் போட்டாள். மாம்பழ நிறம். கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். பரவாயில்லாத பெண். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுக்கலாம் போன்ற பெண். அவள் யார் என்றுதான் யாழுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஒரு தடவை இப்படிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தது, அக்கா கல்யாணத்தில் ஒரு தடவை. எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்துச் சொந்தக்காரி. இனி இவள் வீட்டோடு வந்துவிடுவாள். ஆல்பத்தில் இருப்பாள், ஹாலில் மாட்டுகிற படத்தில் இருப்பாள், வருகிறவர்கள் அவளைக் காட்டி நல்லா இருக்கே என்பார்கள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். “கொஞ்சம் வெளுப்பா காட்டுது,” என்றார் அத்தை. “அரசு, நீ சொல்லேன்டா.” எழில் நிமிர்ந்து பார்த்தார். யாழ் கண்ணாடி வழியாக எழிலின் கண்ணைத் தேடினார். தேடினது கிடைத்திருந்தால் போதும், ஒரு புருவம் ஏறி இறங்கியிருந்தால் போதும், நாம் இரண்டு பேரும் இங்கே வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு சிமிட்டல். எழில் தலையைச் சாய்த்து, கடைக்கு வருகிறவர்களுக்கு ஃபிரேம் பார்க்கிற பார்வையோடு பார்த்து, “வேற பாக்கலாம்மா,” என்றார். அதில் குறையொன்றும் இல்லை. நடிக்கிறார். நன்றாக நடிக்கிறார். நல்ல நடிப்புக்கும் நடிப்பே இல்லாததற்கும் வெளியிலிருந்து என்ன வித்தியாசம் தெரியும்? நான் வெளியில் இருக்கிறேனா?

மாம்பழம் போனது, மயில்கழுத்து வந்தது, போனது. கடைக்காரர் புதிதாக ஒன்றை உதறினார். கத்தரிப்பூ நிறம். கரையில் எலுமிச்சைப் பச்சை, உடம்பெல்லாம் அடங்கின சின்னச் சின்னப் புட்டா. யாழ் புடவையைப் பார்க்கவில்லை, எழிலைப் பார்த்தார். எழிலின் பேச்சு நடுவில் அறுந்தது. மாமா என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்காலியிலிருந்து குனிந்து, யாரும் கவனிக்காத தோரணையில், எழில் அந்தப் புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டிப் பார்த்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கால்கள் எப்போதோ சேர்ந்து ஒன்றாகியிருந்தன. யாழுக்குள் பல நாளாக இறுகிக் கிடந்தது பட்டென்று இளகிற்று. இதோ இருக்கிறார். எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறார். வீட்டில் யாழுடைய அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றை எழில் முதன்முதலில் கட்டிக்கொண்ட சாயங்காலம் நினைவுக்கு வந்தது. இருவருக்குமே கட்டத் தெரியாது. செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கொசுவம் கால் விரலில் சிக்கி, மின்விசிறியைக் குறைத்து, ஒரு வழியாக நின்றபோது எழில் அசையாமல் பீரோக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பொம்பளையா மாறல யாழ். வேட்டி கட்டினா ஆம்பளையா மாறாத மாதிரி. ஆனா தோள்ல ஏதோ இத்தனை நாளா காலியா இருந்திருக்கு.” அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் ஏற்பட்டது. அந்த வீட்டில் எந்தத் துணிக்கும் முன்கூட்டியே சொந்தக்காரர் கிடையாது. சட்டையோ சால்வையோ துப்பட்டாவோ, எது வந்தாலும் முதலில் ஒருவர் தோளில் போட்டுப் பார்ப்பது, பிறகு மற்றவர் தோளில். யாருக்கு அமைகிறதோ அவருக்கு. தீர்ப்பை மற்றவர்தான் சொல்ல வேண்டும், இது உன்னோடது என்று. அழகு, லட்சணம், ஆம்பிளைக் களை, பெண்பிள்ளைக் களை எதுவும் கிடையாது. இது உன்னோடது, அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே யாழ் தேவையில்லாமல் கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்ததுண்டு.

“இதை வச்சுப் பாரும்மா,” என்று யாரோ சொன்னார்கள். கத்தரிப்பூ இடது தோளில் வந்து அமர்ந்தது. கண்ணாடிக்காரி மறுபடி எட்டிப் பார்த்தாள், யாழ் அவளைப் பொருட்படுத்தவில்லை. “மாப்பிள்ளை, கிட்ட வந்து பாருங்க,” என்றார் கடைக்காரர். எழில் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவ்வளவு பக்கத்தில், பீரோவுக்கு முன்னால் நிற்கிற அதே தூரத்தில். மூச்சு கேட்டது. கண்கள் புடவையில் இருந்தன, அந்தப் பசியை யாழுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் நடந்ததை யாழ் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. தன் தோளிலிருந்து முந்தானையை எடுத்து எழிலின் இடது தோளில் போட்டது, மடிப்பை நீவிவிட்டது, வாய் அதன் பாட்டுக்கு, “இது உன்னோடது,” என்றது. கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் கண்ணாடியில் எழில் தெரிந்தார். முகம் முழுவதும் திறந்து, தோள் இறங்கி, உதடு பிரிந்து, வீட்டில் இருக்கிற எழில். பிறகு அவர் கண்ணாடியில் மற்றவர்களையும் பார்த்தார். கலியமூர்த்தி மாமா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் பிடித்திருந்தார். எழில் தோளை உதறினார், சட்டையில் பல்லி விழுந்தவர் உதறுகிற மாதிரி. தொண்டையின் அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே யாழுக்குத் தெரியாது. “ஏய், லூசா நீ? பாத்தீங்களா மாமா, தாலி கட்டறதுக்கு முன்னாடியே எனக்குப் புடவை கட்டிவிடப் பாக்கறா!” “கட்டினப்புறம் எல்லா ஆம்பளைக்கும் அதான் மாப்ள கதி, இவ முன்கூட்டியே சொல்லிட்டா, நல்ல பொண்ணு,” என்றார் மாமா. மாடியே சிரித்தது. கடைக்காரர் சிரித்தார், வேலை செய்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், அம்மா நிம்மதியாகச் சிரித்தார், எழில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். அத்தை மட்டும் சிரிப்பை முடித்துக்கொண்டு, “அதை ஓரமா வைப்பா. ஆம்பளை தோள்ல பட்டுடுச்சு, முகூர்த்தத்துக்கு ஆவாது. அந்த அரக்கை எடு,” என்றார்.

தப்பு என்னுடையதுதான் என்பதை யாழ் அரக்கு நிறத்தை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும்போதே ஒப்புக்கொண்டார். அதுதான் வாயில் கசந்தது. ஒருவரைப் பற்றின ரகசியத்தை அவரைக் கேட்காமல் பத்துப் பேருக்கு நடுவில் போட்டு உடைப்பதைவிடப் பெரிய துரோகம் தங்கள் கூட்டத்தில் கிடையாது; பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரும் முதலில் படிக்கிற பாடம் அது. எழில் பயந்துபோய் உதறினார், யாராயிருந்தாலும் உதறுவார்கள், நான் என்றால் நானும்தான். நானும்தானா? உதறியிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சிரித்திருப்பேனா? சிரிக்காமல் எப்படித் தப்பிப்பது? சரி, சிரித்ததும் நியாயம். எல்லாமே நியாயம். கோபப்பட ஒரு இடம்கூட மிச்சம் வைக்காமல் எல்லாமே நியாயமாக இருந்தது. இனி ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு காதுகுத்துக்கும், ஒவ்வொரு சாவுக்கும் எழில் இப்படி நியாயமாக உதறுவார், நானும் நியாயமாகப் பொறுத்துக்கொள்வேன். கதவைச் சாத்தினதும் மன்னிப்புக் கேட்பார். சாத்தின கதவுக்குப் பின்னால் எவ்வளவு மன்னிப்பைத்தான் அடுக்கி வைப்பது? இன்னொன்றும் தோன்றியது, அதை விரட்டப் பார்த்தார், போகவில்லை. கத்தரிப்பூ தோளில் விழுந்தபோது எழிலின் முகம் மலர்ந்ததே, அது என்னைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்தபோது சிரித்தார்.

“வெளிச்சத்துல ஒரு தடவை காட்டுங்க, டியூப்லைட்ல அரக்கு ஏமாத்தும்,” என்று கடைக்காரர் சொல்ல, புடவையைத் தோளில் பிடித்துக்கொண்டு யாழ் படியிறங்கி வாசலுக்கு வந்தார். வெயிலில் கண் கூசியது. ரோட்டில் ஒரு ஆட்டோ யாருக்காகவோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே எழில் இறங்கி வந்தார், நிறம் பார்க்கிற சாக்கு. “ஏன் அப்படிப் பண்ண?” “கை பண்ணிடுச்சு.” “எங்க மாமா இருக்காரு, எங்கம்மா இருக்காங்க. எனக்கு உசுரே போயிடுச்சு யாழ்.” “தெரியும். தப்புதான். மன்னிச்சுக்கோ.” எழில் கொஞ்சம் தணிந்தார். மேலே ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நானும் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. அது சும்மா நடிப்பு. உனக்குத் தெரியும்ல?” யாழ் அந்த முகத்தைப் பார்த்தார். நெற்றிப் பொட்டில் வியர்வை, சவரம் செய்த தாடையில் பச்சை, கண்ணில் உண்மையான வருத்தம். மிகவும் பிடித்த முகம். “தெரியல எழில். முன்னெல்லாம் தெரியும்.” “இங்க பாரு, இன்னும் கொஞ்ச நாள். முடிஞ்சிடும். அந்தப் புடவை போனா போகுது, நான் அதுக்கா வந்தேன்? இந்த அரக்கே...” எழில் ஒரு அடி பின்னால் போய், வெயிலில் யாழைத் தலை முதல் கால்வரை பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் குழைந்தது. இதில் நடிப்பில்லை, பார்க்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லை. “நிஜமாத்தான் சொல்றேன். அவ்ளோ அழகா இருக்கே. கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கே.” ஆட்டோ ஹாரன் நின்றது. யாழ் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் புடவையை உருவி, தரையில் படாமல் மடித்து, எழிலின் முழங்கையில் போட்டார். “வேண்டாம்,” என்றார். “அரக்கா?” என்று கேட்டார் எழில். இல்லை என்று யாழ் தலையசைத்தார். எழில் இன்னொன்று கேட்க வாயெடுத்தார். உடன்பாடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். யாழ் செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுத்தார். பிறகு அம்மாவுடையதையும் தேடி எடுத்து, பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, அம்மா இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார்.

யாழும் அம்மாவும் பஸ்ஸில் போனார்கள். மற்றவர்கள் எதற்கும் பில் போடாமல் பிற்பகலில் வேனில் கிளம்பினார்கள். வரும்போது யாழும் அம்மாவும் உட்கார்ந்திருந்த பின் சீட்டு காலியாக இருந்ததால் கலியமூர்த்தி மாமா திண்டிவனம் வரை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தார்.